கிளட்ச் வயரால் புல் வெட்டிய ஞாயிற்றுக்கிழமை

விவசாயம் பார்க்கிறவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். வயிற்றெரிச்சலில் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், வயிற்றெரிச்சல்தான். கம்பெனியில் கைகட்டி நிற்பவனுக்கு உடனே கொடுப்பார்கள். சொந்தக் கிணறும் தென்னந்தோப்பும் வைத்திருப்பவனைக் கண்டால், "பையன் வேற எதுவும் பண்ணலையா?" என்று கேட்பார்கள். (நான் வேறு எதுவும் பண்ணாமலே இருந்திருக்கலாம்.)

அப்படியும் என் தாய்மாமா செருப்புத் தேய அலைந்து ஒட்டன்சத்திரத்தில் ஓர் இடம் பிடித்தார். பெண்ணின் அப்பா காய்கறி கமிஷன் மண்டி வைத்திருப்பவர். போட்டோவில் பார்த்ததுமே பெண்ணை எனக்குப் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை, அகரம் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். எங்கள் பக்கம் வீடு பார்ப்பதெல்லாம் பேருக்குத்தான். நேராகத் தோட்டத்தில் இறங்குவார்கள். புல் மண்டிக் கிடந்தால் பையன் சோம்பேறி, பேச்சு அதோடு முடிந்தது.

அந்த வாரம் பெய்த மழையில் புல் முழங்கால் உயரம் நின்றது. கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை. தோளில் மாட்டிக்கொண்டு புல் வெட்டும் பெட்ரோல் மிஷின் ஒன்று இருந்தது. அதன் தலையில் சுற்றும் நைலான் நரம்புதான் புல்லை வெட்ட வேண்டும். ஈரப்புல்லை அது வெட்டவில்லை, தடவிக் கொடுத்தது. ஞாயிறு விடிந்தும் பாதித் தோப்பு அப்படியே கிடந்தது.

அப்போதுதான் என் மூளை வேலை செய்து தொலைத்தது. கால் பக்கம் இருந்த பிளாஸ்டிக் தடுப்பைக் கழற்றி எறிந்தேன். நைலானை உருவிவிட்டு, பழைய பைக்கின் கிளட்ச் வயரை மாட்டினேன். (தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். கால் மிஞ்சாது.)

"ஏலே, அவங்க வர்ற நேரமாச்சு. அந்தக் கருமத்தப் போட்டுட்டு வந்து குளி!" என்று அம்மா கத்தினாள்.

"செத்த நேரம் இரும்மா, முடிச்சிட்டு வாரேன்."

முடித்துத்தான் விட்டேன். வயர் புல்லை வெட்டியது. சொட்டுநீர்க் குழாயை வெட்டியது. ஊடுபயிராக வைத்திருந்த கொய்யாக் கன்றுகளையும் அடியோடு வெட்டியது. தண்ணீர் பீய்ச்சி, முகமெல்லாம் சேறு. எனக்கோ அந்த வேகத்தைப் பார்த்துப் பெருமை தாங்கவில்லை. கை ஆக்சிலேட்டரை விடவே மாட்டேன் என்றது.

அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக் கார் தோப்புக்குள் திரும்பியது. வயர் ஒரு கல்லைக் கிளப்பியது. படீர்! காரின் முன்கண்ணாடி முழுக்க விரிசல்.

முதலில் மாமா இறங்கினார். பின்னாலேயே பெண்ணின் அப்பா.

"வாங்க மாமா," என்றேன் மண்டிக்காரரிடம், சேறு சொட்டும் லுங்கியோடு. (மாமாவாம்!)

"ஏனுங்க, யாருங்க இது?" என்று அவர் மாமாவைக் கேட்டார்.

"மாப்பிள்ளைதாங்க," என்றார் மாமா, சாவுச் செய்தி சொல்லும் குரலில்.

அவர் தோப்பைப் பார்த்தார். புல் இல்லை, கன்றும் இல்லை. கண்ணாடியைப் பார்த்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "புல்லுகிட்டயே இவ்ளோ கோவம்னா, நாளைக்கு எம்புள்ள கொழம்புல உப்பு கம்மியாப் போட்டா என்னங்க பண்ணுவாப்ல?"

காபியைத் தொடாமலே கிளம்பிவிட்டார்கள். அம்மா கிண்டிய கேசரியை நாங்களே தின்றோம். அப்படிக் கசந்த கேசரியை நான் பிறகு தின்றதில்லை.

அந்தப் பெண் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனிக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டாள். சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எதிலும் இந்தக் கதை இல்லாமல் பந்தி முடிவதில்லை. நானும் சேர்ந்து சிரிக்கிறேன், உள்ளே பற்றி எரியும். எனக்கு முன்மண்டை வழுக்கை விழுந்துவிட்டது. மாமா மட்டும் இன்னும் விடவில்லை. போன மாதம் ரெட்டியார்சத்திரத்தில் ஒரு பெண் வீட்டில், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார்:

"பையனுக்குக் குடி கெடையாது, சீட்டு கெடையாது. முன்னாடி மிஷின் பழக்கம் மட்டும் கொஞ்சம் இருந்துச்சு. இப்ப அதையும் விட்டுட்டான்."