ஆடு திறந்து வைத்த வாயில்

உங்களைச் சிரிக்க வைக்கப் போகிறேன். ஆனால் உடனே இல்லை. முதலில் துறை சார்ந்த சில விவரங்களைச் சொல்லியாக வேண்டும். அதுவரை சிரிப்பை அடக்கி வையுங்கள்.

எங்கள் மங்கோலியப் புல்வெளியில் ஒரு நோய்த்தடுப்பு வாயில் வைத்தார்கள். இரண்டு கம்பம், குறுக்கே ஒரு தடி, கீழே மருந்துத் தண்ணீரில் ஊறிய சாக்கு. இடப்பக்கம் வேலி கிடையாது. வலப்பக்கமும் கிடையாது. அடுத்த தடுப்பு என்று பார்த்தால் அல்தாய் மலைதான்.

ஆட்டிலிருந்து மனுஷருக்கு ஒட்டும் காய்ச்சல் வந்திருந்தது. ஆட்டுக்குக் குட்டி கலையும். நமக்கு மூட்டு மூட்டாக வலிக்கும். குட்டி போட்ட ஆட்டை வெறுங்கையால் கவனித்த என் அக்கா ஸரா, கூடாரத்தில் வேர்த்துக் கிடந்தாள். மந்தைக்குத் தடுப்பூசி போட்டால்தான் அம்மாவும் மற்றவர்களும் தப்பலாம். மருந்து வந்துவிட்டது. வாயில் காவலர் தம்தின் அண்ணனின் பனிப்பெட்டியில், பூட்டோடு.

"பனிக்கட்டி உருகுது தம்தின். இன்னிக்குப் போடலேன்னா மருந்து வெறும் தண்ணி," என்றார் கால்நடை டாக்டர் ஒயூனா.

"திறப்பு விழா முடியாம பெட்டியத் திறக்கக் கூடாதுன்னு நம்ம துறை இயக்குநர் உத்தரவு, டாக்டரம்மா."

"விழா எப்போ?"

"அவருக்கு வசதிப்படுறப்போ."

"நோய் அதுவரைக்கும் காத்திருக்குமா?"

"வாயில் மூடித்தானே இருக்கு," என்றார் அண்ணன்.

நான் டாக்டரம்மாவின் ஜீப்பில் ஏறினேன். உள்ளே வயர்லெஸ் இருந்தது. எனக்குக் குரல் உடைந்துகொண்டிருந்த கோடை அது. நல்ல நேரத்தில் அப்படியே இயக்குநர் கோஞ்சிக்கின் குரல் வரும்: புளித்த குதிரைப்பாலைக் குடித்துவிட்டு ஏப்பத்தை அடக்கிக்கொண்டு பேசுகிற குரல்.

"தம்தின். இயக்குநர் பேசுகிறேன்."

வெளியே அண்ணன் தன் வயர்லெஸ்ஸைக் காதில் வைத்தபடி விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஓர் ஆட்டின் பல்லை மிகுந்த அக்கறையோடு ஆராயத் தொடங்கினார்.

"பொதுநலன் கருதி, விழா இக்கணமே நடைபெறட்டும்."

"ரிப்பன் இருக்கு ஐயா. கத்தரி இல்ல."

"ஆடு இருக்கிறதா?"

"இருக்கு ஐயா."

"மெல்லட்டும்."

மென்றது. கைதட்டினோம். பெட்டி திறந்தது. மந்தை முழுவதும் வாயிலைச் சுற்றிக்கொண்டு வந்தது. சுற்றி வந்தவை வரவில்லை என்றே கருதப்படும் என அறிவித்துவிட்டு, அந்த வராத ஆடுகளை அண்ணனே பிடித்துக் கொடுத்தார். ஊசி போட்டதற்கு அடையாளமாக ஒவ்வொன்றின் காதிலும் மஞ்சள் வில்லை.

நல்ல பிள்ளையாக இருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பான்.

"ஐயா, வில்லை ஆட்டுக்கு மட்டும்தானா?" என்று வயர்லெஸ்ஸில் கேட்டார் அண்ணன்.

"நோய் பதவி பார்க்குமா, தம்தின்? துறையினர் அனைவரும் அணிக."

அண்ணன் நூலில் கோத்துக் காதில் மாட்டிக்கொண்டார். உத்தரவை நிறைவேற்றியதாக மேலே அறிக்கையும் அனுப்பினார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தாம் பேசுவது எதுவும் கோஞ்சிக்குக்கு நினைவில் தங்குவதில்லை. ஆகவே தாம்தான் சொல்லியிருப்போம் என்று நம்பிவிட்டார். தலைநகரம் பாராட்டியதும் உறுதியாக நம்பினார்.

அலுவலகம் முழுவதும் வில்லை மாட்டியது. அதைப் பார்த்து அவர்கள் மனைவிமார், அவர்களைப் பார்த்துக் கடைத்தெரு. நீல வில்லை வசதியானவர்களுக்கு. கல்யாணப் பெண்ணுக்கு இரண்டு காதிலும். மஞ்சள் பழைய மோஸ்தர் என்று அம்மாவே சொன்னாள். மாத்திரை தின்று எழுந்து உட்கார்ந்த அக்கா முதலில் கேட்டது கண்ணாடி.

கடைசியில் கோஞ்சிக் அந்தத் திறப்பு விழாவை மறுபடி நடத்த வந்தார், தங்க நிற வில்லையோடு. ஊரே வில்லையோடு நின்றது. நானும்தான், இல்லாமல் உள்ளே விடவில்லை.

"அன்று வயர்லெஸ்ஸில் நான் இட்ட ஆணை..." என்று ஆரம்பித்தார் கோஞ்சிக்.

"ஐயா, அத அப்படியே ஒரு தடவ சொல்லுங்க. என் சம்சாரம் நம்ப மாட்டேங்குறா," என்றார் தம்தின் அண்ணன்.

கோஞ்சிக் யோசித்தார். ஆட்டைப் பார்த்தார். இன்னும் யோசித்தார். எனக்குப் பாவமாகிவிட்டது. கூட்டத்தின் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தேன், அவர் குரலிலேயே:

"நோய் பதவி பார்க்குமா, தம்தி—"

கடைசி எழுத்தில் குரல் உடைந்து கீச்சென்றது.

கோஞ்சிக் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அவர் கை மெல்ல உயர்ந்து காதைத் தொட்டது.

கூட்டத்தில் எல்லார் கையும்.