ஆறடிக்கு இரண்டரை

மரவேலை பழகுகிறவனுக்கு ஸ்பாஞ்ச் எதற்கு? அங்கேதான் அவளுக்குச் சந்தேகம் விழுந்தது.

ரம்பம் வந்தது, சரி. சுத்தியல், ஆணி, பசை, உப்புத்தாள் எல்லாம் வந்தன, அதுவும் சரி. பிளைவுட் பலகை ஒன்று வந்தபோதுகூட அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று காலை, மார்க்கெட்டில் விடிய விடிய மூட்டை இறக்கிவிட்டு வந்த புருஷன், சைக்கிள் கேரியரில் ஒரு ஸ்பாஞ்சைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு வந்தான். வீட்டுக்குள்ளேகூட நுழையாமல் நேராகப் பின்பக்கத் தகரக் கொட்டகைக்கு உருட்டினான்.

"அது என்னங்க?"

"எது?"

"உங்க பின்னாடி ஒரு ஆள் மாதிரி உக்காந்து வருதே, அது."

"மரவேலைக்கு."

"மரவேலைக்கு எதுக்கு ஸ்பாஞ்ச்?"

"முட்டி போட்டு இழைக்கணும்ல. வலிக்குது."

"உங்க முட்டி ஆறடி நீளமா?"

அவன் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் உள்ளே சுத்தியல் சத்தம் கிளம்பியது.

அதற்கு மேல் அவள் வாய் திறக்க முடியாது. கையில் கருவி இருக்கிறவனைக் கூப்பிடக் கூடாது என்பது அவள் பிறந்த வீட்டுக் கட்டுப்பாடு. அவளுடைய அப்பா பலகை அறுத்துக்கொண்டிருந்தபோது, "சாப்பிட வாங்க" என்று அம்மா கூப்பிட்டாள். அவர் திரும்பிப் பார்த்தார். சாப்பிட ஒன்பது விரலோடு வந்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் சத்தம் நின்ற பிறகுதான் பேச்சு. கல்யாணமான புதிதிலேயே புருஷனிடமும் இதைச் சொல்லி வைத்திருந்தாள். நல்லதுக்குத்தான் சொன்னாள்.

இந்த மரவேலைப் பைத்தியம் பிடிப்பதற்கு முன்னால் ஒரு வசதி இருந்தது. பகலில் அவன் கைக்கெட்டும் தூரத்தில் கிடப்பான். சிலிண்டர் மாற்ற, குழாய் அடைப்பை எடுக்க, அவள் அம்மா வீட்டு ஃபேனைக் கழற்ற, எதற்கு வேண்டுமானாலும் கூப்பிடலாம். ஒருநாள் திடீரென்று, "போன்ல பாத்தேன். கையால எதையாவது செஞ்சுக்கிட்டிருந்தா மனசுக்கு நல்லதாம்" என்றான். அப்போதே அவள் சுதாரித்திருக்க வேண்டும். அவன் அதுவரை முதுகைப் பற்றித்தான் பேசியிருக்கிறான். மனசைப் பற்றிப் பேசியதே இல்லை.

சலவைக்கடைத் துணிகளை வீட்டுக்கே எடுத்து வந்து இஸ்திரி போட்டுக் கொடுப்பது அவள் பிழைப்பு. பெட்டியைத் தேய்த்துக்கொண்டே எதிர்வீட்டுக்காரியிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"பலகை என்ன அளவு?" என்று கேட்டாள் எதிர்வீட்டுக்காரி.

"நீளம் ஆறடி, அகலம் ரெண்டரை."

"ஸ்பாஞ்ச்?"

"அதுவும் அதே அளவுதான்க்கா."

எதிர்வீட்டுக்காரி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "அதுக்குப் பேரு கட்டில்."

"கட்டிலா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"உனக்குன்னா உங்கிட்ட சொல்லியிருப்பான்."

இஸ்திரிப் பெட்டி நகரவில்லை. யாருடைய சட்டையோ, காலர் பழுப்பேறியது.

கல்யாணமான நாளிலிருந்து அவள் பாயில்தான் படுக்கிறாள். அடுக்களையில் டப்பா வைக்க ஒரு பலகை அடித்துத் தாருங்கள் என்று அவள் கேட்டபோது வயிற்றில் இருந்த பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. அப்படிப்பட்டவன் மெத்தை வைத்துக் கட்டில் செய்கிறான் என்றால், படுக்க ஒருத்தி தயாராகிவிட்டாள். கட்டில் முடிந்ததும் அதோடு இவனும் கிளம்பிவிடுவான். பிறகு இந்த வீட்டு வாடகை, பிள்ளையின் படிப்பு எல்லாம் இந்த இஸ்திரிப் பெட்டியின் தலையில்.

தம்பிக்கு ஆள் அனுப்பினாள். அவன் ஒரு மில் வாசலில் ராத்திரிக் காவல். வேலை முடிந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்தான்.

"மாமாவுக்கு உதவி பண்ற மாதிரி உள்ள போ. கட்டில் யாருக்குன்னு வாயைப் பிடுங்கு" என்றாள்.

"அவ்வளவுதானே. அரை மணி நேரத்துல வந்துடறேன்."

போனவன் சாயங்காலம்தான் வெளியே வந்தான். கண் சிவந்திருந்தது.

"அழுதியாடா?"

"மரத்தூள்க்கா."

"கட்டில்தானா?"

"அருமையான வேலைக்கா. மாமாவுக்கு இவ்வளவு மூளை இருக்கும்னு நான் நினைக்கவே இல்ல."

"யாருக்குடா அது? கேட்டியா?"

"அது பேசுற எடம் இல்லக்கா" என்றவன் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டினான்.

மறுநாள் காலை தம்பி தானாகவே வந்தான். தோளில் ஒரு பலகை. ஆறடிக்கு இரண்டரை.

"உன் தம்பியைக் கைக்குள்ள போட்டுட்டான்" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "சொந்தக்காரனை அனுப்பினா இப்படித்தான். எங்க வீட்டு மனுஷனை அனுப்புறேன். அவர் வாய்ல ரகசியம் தங்காது. கல்யாணத்துக்கு முன்னாடி எனக்குப் போட வச்சிருந்த மோதிரத்தையே ஊரெல்லாம் சொல்லிட்டுத்தான் எனக்குப் போட்டாரு."

எதிர்வீட்டுக்காரர் லாரி டிரைவர். பேச ஆரம்பித்தால் அவருக்குப் பிரேக் பிடிக்காது. கொட்டகைக்குள் போனார். சுத்தியல் சத்தம் விடாமல் கேட்டது. பேச்சுச் சத்தம் மட்டும் கேட்கவில்லை. வெளியே வந்தபோது இரண்டு பெண்களும் வழியை மறித்தார்கள்.

"உள்ள என்ன பாத்தீங்க?"

டிரைவர் யோசித்தார். "நிம்மதி" என்றார்.

"என்னது?"

"உன் புருஷன் நல்ல மனுஷன்மா. அவரைத் தொந்தரவு பண்ணாத."

அவ்வளவுதான். அந்த வாயிலிருந்து வேறு எதுவும் பெயரவில்லை. மறுநாள் அவர் லாரியிலிருந்து மூன்றாவது பலகை இறங்கியது. கூடவே ஜன்னலை மறைக்கக் கறுப்பாய் ஒரு கனத்த துணி.

"மூணு கட்டிலா?" என்று இவள் விரல் விட்டு எண்ணினாள். "ஒண்ணு அவளுக்கு. மத்தது?"

"பிள்ளைங்க இருக்கும்."

"ரெண்டு பிள்ளையா?"

"ஜன்னலுக்குத் திரை வேற. குடித்தனமே அங்கதான் நடக்கப் போகுது. உங்க வீட்டுக் கொட்டகையிலேயே கொண்டாந்து வைக்கப் போறான். வாடகை மிச்சம் பாரு."

அன்று சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு அவள் நேரடியாகவே கேட்டாள்.

"கட்டில் செய்றீங்களா?"

"பெஞ்ச்."

"மூணா?"

"பழகுறேன்ல. முதல்ல செஞ்சது சரியா வரல."

"யாரு உக்காரப் போறா?"

அவன் மெல்லுவதை நிறுத்தினான். "யாராவது உக்காருவாங்க" என்றவன் பாதித் தட்டோடு எழுந்து கொட்டகைக்குப் போனான். கை கழுவிய ஈரம் காய்வதற்குள் சுத்தியல் சத்தம் கேட்டது.

இனி வேலை தெரிந்த ஒருவர்தான் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தாள். மரக்கடைத் தச்சரிடம் போனாள். இன்னொருவன் செய்த வேலையில் குறை சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. உறவு, நட்பு எதற்கும் மசிய மாட்டார்.

"வீட்ல ரெட்டைக் குழந்தை பிறந்திருக்கும்மா. நிக்க நேரமில்ல" என்றார் தச்சர்.

"ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிடுங்கண்ணே. என் வாழ்க்கைப் பிரச்சினை."

தச்சர் அளவு நாடாவோடு உள்ளே போனார். முதலில் அவருடைய குரல் கேட்டது: "என்னய்யா இது, கால் ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குது." அவளுக்கு உயிர் வந்தது. பிறகு குரல் அடங்கிவிட்டது. சுத்தியல் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. இருட்டும் நேரத்தில் கதவு திறந்தது.

"எப்படிண்ணே இருக்கு?"

தச்சர் தலையைத் தடவிக்கொண்டார். "குறை சொல்ல ஒண்ணுமில்லம்மா."

"நீங்களா சொல்றீங்க?"

"நாளைக்கும் வர்றேன்."

நாலாவது பலகையை அவரே தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நாலாவது யாருக்குக்கா?" என்று எதிர்வீட்டுக்காரியிடம் கேட்டாள்.

"அவ அம்மாவுக்கா இருக்கும்."

"மாமியாரையும் வச்சுக் காப்பாத்தப் போறாரா? எங்கம்மா வந்தா ரெண்டாம் நாளே மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குற மனுஷன்."

அது அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒருத்தியைக்கூடப் பொறுத்திருப்பாள் போல. அந்த ஒருத்தியின் அம்மாவைப் பொறுக்க முடியவில்லை. இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கொல்லைப் பக்கம் போனாள். என்னையும் பிள்ளையையும் எங்கே விடப் போகிறீர்கள் என்று கேட்க வேண்டும். அழாமல் கேட்க வேண்டும். நடந்துகொண்டே இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். இரண்டு முறையும் அழுகை வந்தது.

கொட்டகை வாசலில் நின்றாள். உள்ளே டொக், டொக் என்று சத்தம். நிற்கட்டும் என்று காத்திருந்தாள். நிழல் அவள் காலைத் தாண்டிப் போனது. சத்தம் நிற்கவில்லை. வேகம் கூடவுமில்லை, குறையவுமில்லை. உள்ளே நாலு ஆம்பிளைகள், ஒரு இருமல் இல்லை, ஒரு சிரிப்பு இல்லை. இத்தனை நாள் அடித்த ஆணிக்கு இந்நேரம் ஒரு கப்பலே கட்டியிருக்கலாம்.

அப்பாவின் விரல் ஞாபகத்துக்கு வந்தது. போனால் போகட்டும், இன்றைக்குப் போகிற விரல் அவன் விரல்தானே என்று நினைத்துக் கதவைத் தள்ளினாள்.

உள்ளே பட்டப்பகலில் இருட்டு. கொட்டகையின் பாதியில் ஒரு திரை தொங்கியது. திரைக்கு இந்தப் பக்கம் தச்சர் அவளுக்கு முதுகைக் காட்டியபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கையால் கொட்டாவியை மூடிக்கொண்டு, மறு கையால் மடியில் கிடந்த கட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார். கட்டையில் ஆணி எதுவும் இல்லை.

அவள் கேள்வியைக் கேட்க வாயைத் திறந்தாள். தச்சர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சுத்தியலை அவள் பக்கம் நீட்டினார்.

"மெதுவா வாங்க, மூணு பேரும் தூங்குறாங்க. புதுசா சேர்றவங்க முதல்ல தட்டணும், அப்புறந்தான் படுக்கலாம்."