கண்டக்டர் நடத்திய எழுப்புதல் கூட்டம்

பரலோகத்துக்கு ஒரு பஸ் விட்டால் அதிலும் அவர்தான் கண்டக்டர் என்று காரிமங்கலத்தில் எங்கள் சபையே நம்பியது. டவுன் பஸ்ஸில் கண்டக்டர் வேலை பார்த்த அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பிரசங்கம் நீண்டால் கடைசி வரிசையிலிருந்து "போலாம் ரைட்" என்று முணுமுணுப்பார். போதகர் உடனே ஜெபத்துக்குப் போய்விடுவார்.

தூங்கும் விசுவாசத்தைத் தட்டியெழுப்ப வருஷா வருஷம் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் நடக்கும். பந்தல், வெளியூர்ப் பிரசங்கியார், மூன்றாம் நாள் கண்ணீர். எண்பதுகளின் நடுவில், மழை பொய்த்த ஒரு வருஷம், கமிட்டியில் கண்டக்டர் எழுந்தார்.

"மூணு நாளு அழுவுறோமுங்க. நாலாம் நாளு சந்தையில பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிறோம். இந்த வருசம் பந்தல் வேணாம். யாரோட பேசறதில்லையோ அவங்க வூட்டுக்குப் போயி சாப்புடுவோம். அங்கயே பாடுவோம், ஜெபிப்போம்."

போதகர் கலங்கிப்போனார். "பந்தல்லதானே கண்டக்டரே ஆவியானவர் எறங்குவாரு?"

"அவருக்கு ஸ்டாப்பிங் நாம போடலாமுங்களா?"

கமிட்டி ஒப்புக்கொண்டது. அடுத்த ஞாயிறு டிக்கெட் கிழிக்கும் வேகத்தில் ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்தார். போகவேண்டிய வீட்டுக்காரர் பெயர் அதில் இருந்தது. ஊரிலுள்ள மனஸ்தாபம் அத்தனையும் அவருக்கு மனப்பாடம்.

முதல் வீடு, சபையில் ஆர்மோனியம் வாசித்துப் பாடிக்கொண்டிருந்த டீச்சருடையது. போகவேண்டியவர் கண்டக்டரேதான். ஆர்மோனியத்துக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்க மறுத்தார் என்று ஏழு வருஷம் முன்பு டீச்சரைப் பாதி வழியில் இறக்கிவிட்டிருந்தார். அன்றிலிருந்து டீச்சர் கோயிலில் வாய் திறந்து பாடியதில்லை. அவர் இல்லாத பாடகர் குழுவைக் காக்கைகளே பொறுத்துக்கொள்ளவில்லை.

சபை முழுவதும் தெருவில் நின்றது. கண்டக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றார். எந்தக் கூட்ட நெரிசலிலும் தடுமாறாத குரல் தடுமாறியது.

"ஏனுங்க டீச்சர், லக்கேஜ் போட்டது சட்டமுங்க. வெயில்ல எறக்கிவுட்டது பாவமுங்க. மன்னிச்சிக்கோங்க."

டீச்சர் வாசலுக்கு வந்தார். "சட்டத்த இன்னும் வுட மாட்டீங்க" என்றார். பிறகு, "களிதான் கிண்டியிருக்கேன். எல்லாருக்கும் பத்தாது. உள்ள வாங்க."

ஆளுக்கு அரை உருண்டை கேழ்வரகுக் களி. சாப்பிட்டு முடிப்பதற்குள் டீச்சர் ஆர்மோனியத்தை இழுத்து வைத்துப் பாடத் தொடங்கினார். ஏழு வருஷம் அடைந்துகிடந்த குரல். கண்டக்டர் கை கழுவாமலே அழுதார். ஜெபிக்க எழுந்த போதகர் மறுபடி உட்கார்ந்து அந்தப் பாட்டிலேயே சேர்ந்துகொண்டார். அடுப்புப் புகை நிறைந்த அந்தச் சின்ன அறையில், யாரோ மிகப் பெரியவர் உள்ளே வந்து நிற்பதுபோல எனக்கு உடம்பு சிலிர்த்தது. பந்தலில் ஒரு நாளும் அப்படி ஆனதில்லை.

அந்த வாரம் ஒவ்வொரு வீடாகத் திறந்தது. நான் மட்டும் என் சீட்டைப் பிரிக்கவில்லை. அதில் மொரப்பூரிலிருக்கும் என் தம்பியின் பெயர்தான் இருக்கும் என்று தெரியும். பாகப்பிரிவினைக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சில்லை.

சனிக்கிழமை காலை கண்டக்டர் என் வீட்டு முன் நின்றார். "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க, கிளார்க் சார்."

மொரப்பூருக்கு இரண்டு டிக்கெட்டும் அவரே எடுத்தார். தம்பி வீட்டு வாசல்வரை வந்து, "நீங்க போங்க" என்றார்.

சாப்பிட்டு, அழுது, பேசி, தம்பி என்னை வழியனுப்ப வெளியே வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. எதிரே ஒரு பூட்டிய கடையின் படியில், கண்டக்டர் காலையிலிருந்து பட்டினியாக உட்கார்ந்திருந்தார்.