வராத காய்ச்சலுக்கு ஆறு நாள்

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுத உட்கார்ந்தது தப்புதான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான்கு பேர் முன்னால் பேசச் சொன்னாலே எனக்கு வியர்த்துவிடும். ஆனால் இந்தக் கதையை என் தங்கச்சி மல்லிகா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் சொல்லும்போது என்னை விமானத்திலிருந்து கட்டிலோடு இறக்கியதாக வருகிறது. (நடந்துதான் இறங்கினேன்.) அதைத் திருத்துவதற்காகவாவது எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் எங்கள் கொல்லிமலைப் பழக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பஸ் நின்றால் ஏறிவிடுவோம். எங்கே போகிறது என்று கேட்பதில்லை. ஒன்று மேலே போகும், இல்லாவிட்டால் கீழே போகும். கேட்டுக்கொண்டு நின்றால் அடுத்த பஸ் எப்போது வரும் என்பது டிரைவருக்கே தெரியாது. இந்தப் பழக்கத்தோடு வெளிநாடு போகக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

திருச்செங்கோட்டுப் போர்வெல் லாரிகள் ஆப்பிரிக்கா வரை போய்த் தண்ணீருக்குத் துளை போடுவது பலருக்கும் தெரிந்ததுதான். அப்படி மலாவி நாட்டில் ஓடிய ஒரு வண்டிக்குச் சமையல்காரனாகப் போனேன். போனது துபாய் வழி. ஒரு தொல்லையும் இல்லை. திரும்பும்போது எத்தியோப்பியாவில் விமானம் மாற வேண்டும் என்று டிக்கெட் வந்தது. கூட வந்தவர் அதே வண்டியில் துளை போட்ட செல்வராசு, எங்கள் மலையிலேயே திண்ணனூர் நாட்டுக்காரர். (மலையில் நாலு ஊர் சேர்ந்தால் அது ஒரு நாடு.)

எனக்கு இருந்த அவசரம் ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மல்லிகாவின் மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மல்லிகாவுக்கு நான் ஒரே அண்ணன். எனக்காகவே இரண்டு முறை தள்ளிப் போட்டாயிற்று. "இன்னொருக்கா தள்ளுனா புள்ளைக்குக் கல்யாணத்தோட சேத்துக் குத்திக்கலாம்" என்று அவள் மாமியார் சொல்லிவிட்டாராம்.

எத்தியோப்பியாவில் எங்கள் அடுத்த விமானம் தாமதம் என்றார்கள். செல்வராசு நாற்காலியில் காலை நீட்டித் தூங்கிவிட்டார். நான் கழிப்பறை போய்த் திரும்பினால், எங்களோடு வந்தவர்கள் பாதிப்பேர் வரிசையாக எங்கோ போய்க்கொண்டிருந்தார்கள். எங்கே என்று கேட்க வெட்கம். பின்னாலேயே போனேன். ஒருவர் பாஸ்போர்ட்டை வாங்கி முத்திரை குத்தினார். வெளியே பஸ் நின்றது. ஏறிவிட்டேன்.

அது ஓட்டலுக்குப் போனது. காத்திருப்பவர்களுக்கு விமானக்காரர்கள் சோறு போடுகிறார்களாம். புளித்த மாவில் ஊற்றிய, ஆப்பத்துக்கு அண்ணன் மாதிரியான ஒன்றைத் தின்றுவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பினேன்.

"எங்கீங்க போனீங்க?" என்றார் செல்வராசு.

"ஊரு பாத்துட்டு வாரேன்" என்றேன்.

"பெரிய ஆளுதானுங்க நீங்க." அவர் முகத்தில் பொறாமை தெரிந்தது. அந்தப் பெருமை இந்தியா வரை தாங்கியது.

இங்கே இறங்கியதும் ஒரு மேசை. டாக்டரம்மா ஒருவர் செல்வராசுவின் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். என்னுடையதில் முத்திரையைப் பார்த்து நிறுத்தினார்.

"எத்தியோப்பியால ஏர்போர்ட்ட விட்டு வெளிய போனீங்களா?"

"ஆமாங்க. சோறு போட்டாங்க."

"மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டை இருக்கா?"

"எனக்குக் காய்ச்சலே இல்லீங்களே."

"அது தெரியுது. அட்டை இருக்கா?"

அவர் பொறுமையாக விளக்கினார். மலாவியில் அந்தக் காய்ச்சல் இல்லையாம், எத்தியோப்பியாவில் உண்டாம். அந்தக் காய்ச்சல் இருக்கும் நாட்டில் விமான நிலையத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் விட்டுவிடலாம். வெளியே போய் வந்தவருக்கு ஊசி அட்டை வேண்டும். இல்லையென்றால் ஆறு நாள் தனியாக வைக்க வேண்டும். நான் சட்டைக் கையை மடித்து, இப்போதே ஊசி போட்டுவிடச் சொன்னேன். போட்டாலும் பத்து நாள் கழித்துத்தான் அந்த அட்டை செல்லுமாம். ஆறு நாளுக்குத் தப்பிக்கப் பத்து நாள் ஆகும் என்ற கணக்கு எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

"ஆறு நாள்னா எப்பங்க முடியும்?"

"ஞாயித்துக்கிழமையோட முடிஞ்சிரும். திங்கக்கிழமை காலையில போயிரலாம்."

செல்வராசு என் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பாப்பாவுக்கு வாங்கிய பாவாடை சட்டையும் என் துண்டும் அதற்குள்தான் இருந்தன. "நான் ஊட்டுல சேத்தறனுங்க. நீங்க ஊரு பாத்துட்டு வாங்க" என்றார்.

ஆஸ்பத்திரியில் ஜன்னலெல்லாம் கம்பி வலை. கட்டிலைச் சுற்றிக் கொசுவலை. எனக்கு இவ்வளவு மரியாதையா என்று கூச்சமாக இருந்தது. "கொசுக்கடி எனக்குப் பழக்கந்தானுங்க, வலை வேண்டாங்க" என்றேன்.

அங்கிருந்த இளவயது டாக்டர் சிரித்தார். "வலை உங்களுக்காக இல்லண்ணா. ஒருவேளை உங்க ரத்தத்துல அது இருந்து, நம்ம ஊரு கொசு உங்களக் கடிச்சுதுன்னா, அது ஊரெல்லாம் பரப்பிரும்."

கொசு என்னைக் கடித்துக் கெட்டுப்போய்விடக் கூடாதாம். என்னிடமிருந்து கொசுவைக் காப்பாற்றக் கட்டிய வலைக்குள் நான் படுத்திருந்தேன்.

மல்லிகா போன் செய்தாள்.

"அண்ணா, காய்ச்சலா?"

"இல்ல கண்ணு."

"அப்பறம் எதுக்குப் புடிச்சு வெச்சிருக்காங்க?"

"வருதான்னு பாக்கறாங்களாம்."

"வரலைன்னா?"

"உட்ருவாங்களாம்."

"வராதவங்கள எதுக்குண்ணா வெச்சுப் பாக்கறாங்க?" என்று அழ ஆரம்பித்தாள். "கெடா வாங்கிக் கட்டியாச்சு. மாமியார் மூஞ்சிய எப்படிப் பாப்பேன் நானு?"

 தினமும் காய்ச்சல் பார்க்கும் நர்ஸம்மாவிடம் சனிக்கிழமை மட்டும் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: "ஒரு நாள் முன்னாடி உடக் கூடாதுங்களா? எங்க மலைல குளுருக்குக் கொசுவே வராதுங்க." (பொய். கடவுளே, எத்தனை கொசு.)

அவர் காய்ச்சல் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

கடைசியில் வழி சொன்னது மல்லிகாவின் மாமியார்தான். "ஆளு வராட்டிப் போகுது. மாமன் துண்டு பையில இருக்குதல்ல? அத மடியில போட்டு ஆராச்சும் உக்காருங்க. போன்ல மாமன் பாக்கட்டும்." பையைக் கொடுக்கப் போன செல்வராசுவையே உட்கார வைத்துவிட்டார்கள். அவர் மடியில் என் துண்டு. துண்டின் மேல் பாப்பா.

ஞாயிற்றுக்கிழமை போனில் எல்லாம் தெரிந்தது. கோயில், ஊசியோடு ஆசாரி, என் பாவாடை சட்டையில் பாப்பா.  வலைக்குள் இருந்தபடியே முகத்தை போனுக்கு அருகில் கொண்டுபோய், "பாப்பா, மாமன் பாரு" என்றேன்.

பாப்பா பார்த்தாள். வலைக்குள் ஒரு தலை பேசுவதைக் கண்டு போட்டாளே ஓர் அலறல், கோயில் மணி அடித்துக்கொண்டிருந்த ஆளே நிறுத்திவிட்டார்.

"நான் இன்னும் குத்தவே இல்லீங்க" என்றார் ஆசாரி.

"மாமனக் காட்டாதீங்க, புள்ள பயப்படறா" என்றது மாமியார் குரல். போன் அணைந்தது.

அப்புறம் பாப்பா அழவே இல்லையாம். மாமன் இல்லாமல் கூடாது என்று இரண்டு முறை தள்ளிப்போன காது குத்து, மாமனை அணைத்த பிறகுதான் நடந்தது.

இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். செல்வராசு வந்தால் 'மாமா' என்று ஓடுவாள். நான் அவளுக்கு வலைமாமா. விருந்துக்குப் போனால், "அண்ணனுக்கு வலை கட்டியாச்சா? கொசு பாவம்" என்று மல்லிகா கேட்காமல் எனக்குச் சோறு விழாது.

காது குத்துக்கு அடுத்த நாள் என்னை விட்டார்கள். சாயங்காலம் காரவள்ளி அடிவாரத்தில் பஸ் நின்றது. எங்கே போகிறது என்று கேட்டேன். மேலதான் என்றார் கண்டக்டர். ஏறினேன்.