டார்ச் மிஸ்ஸி ஏறிப் படுத்த நாற்காலி

மலேசியாவின் பாசிர் கூடாங்கில் எங்கள் தாமான் குடியிருப்புப் பிள்ளைகள் பேய், பிசாசு, தலைமையாசிரியர் எதற்கும் அஞ்சாதவர்கள். டார்ச் மிஸ்ஸி தெருவில் வந்தால் மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவிடுவார்கள்.

அவர் அரசாங்கப் பல் கிளினிக்கில் மிஸ்ஸி, அதாவது தாதி. எங்கள் வரிசையில் கடைசி வீடு. கைப்பையில் வேறு எது இருக்கிறதோ இல்லையோ, ஒரு சின்ன டார்ச் இருக்கும். முகத்தை வைத்து யாரையும் அடையாளம் கண்டுகொள்ளத் தெரியாது. "எந்த முருகன்? மேல் பல்லு ரெண்டும் சொத்தையா ஒரு பையன் இருப்பானே, அவன் அப்பாவா?" என்பார். ஒரு பிறந்தநாள் விழாவில் படமெடுப்பவர் "சிரிங்க" என்றதும் பிள்ளைகள் எல்லாம் பல்லைக் காட்ட, மிஸ்ஸி குறுக்கே பாய்ந்தார். "அப்படியே இருங்க, யாரும் வாய மூடக்கூடாது!" டார்ச் அடித்துக்கொண்டே வரிசை முழுவதையும் முடித்தார். அந்தப் படத்தில் அவர் முதுகு மட்டும் வெகு தெளிவாக விழுந்திருக்கிறது.

பசார் மாலாம் இரவுச் சந்தையில் தள்ளுவண்டிக் குழந்தை பால் போத்தலோடு தூங்கினால் தொலைந்தது. போத்தலை உருவித் தாயிடம் கொடுத்து, "பசிக்குக் குடுங்க, தூங்குறதுக்குக் குடுக்காதீங்க" என்பார். ஒருமுறை அப்படி எழுந்த குழந்தை போட்ட கூச்சலில் இறைச்சிக் குச்சிகளைச் சுடும் சாத்தே கடைக்காரர் நெருப்பை விசிறுவதையே நிறுத்திவிட்டார்.

எங்கள் வீட்டிலும் அந்தப் போத்தல் உண்டு. எனக்கு இரவு ஷிஃப்ட். மனைவி விடியுமுன் சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும். மகள் தர்ஷினிக்குப் போத்தல் இருந்தால்தான் தூக்கம் வரும். ஐந்து வயதில் கடைவாய்ப் பல்லில் குழி விழுந்து, சோறு மாட்டிக்கொண்டால் முகம் சுளித்தாள்.

"பால் பல்லுதானே மிஸ்ஸி, புடுங்கிடலாம்," என்றேன்.

"அலமாக்! அது விழ இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கு லா. கீழ வரப்போற பல்லுக்கு அதுதான் எடம் புடிச்சு வெச்சிருக்கு. ஃபேக்டரி பஸ்ல எடம் புடிக்கப் போட்ட பைய எடுத்துட்டா உங்க சீட்டு காலியா இருக்குமா?"

பல்லுக்கு மேல் உலோகத் தொப்பி போட்டால் போதுமாம், ஊசிகூட வேண்டாமாம். ஆனால் தர்ஷினி வாயைத் திறந்தால்தானே? கிளினிக்குக்குப் போய்ப் போய்த் திரும்பினோம். கடைசியாகப் போன அன்று, இன்றும் திறக்காவிட்டால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

மிஸ்ஸி அதைப் பார்த்தார். சட்டென்று தானே நாற்காலியில் ஏறிப் படுத்து, டார்ச்சைத் தர்ஷினியிடம் நீட்டினார். "இன்னிக்கு நீதான் டாக்டர். நல்லா பாரு."

தர்ஷினி நன்றாகவே பார்த்தாள். "மிஸ்ஸி, உங்க பல்லுல ஓட்ட இருக்கு."

"இருக்காதே!"

டாக்டர் எட்டிப் பார்த்தார். இருந்தது.

மிஸ்ஸி அவசரமாக எழுந்து உட்கார்ந்தார். "அது சின்னதாத்தான் இருக்கும் டாக்டர். அப்புறம் பாத்துக்கலாம்." நாற்காலியை விட்டு இறங்கப் பார்த்தார். ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் அந்த நாற்காலிக்கு இழுத்து வந்தவருக்கு, அதில் படுத்தால் உதறல் எடுக்கும் என்பது கிளினிக்குக்கே அன்றுதான் தெரிந்தது.

"மொதல்ல மிஸ்ஸி. அப்புறம்தான் நான்," என்றாள் தர்ஷினி.

மிஸ்ஸி என் மனைவியை ஒருமுறை பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி படுத்துவிட்டார். ஊசி போட்டார்கள், குடைந்தார்கள், அடைத்தார்கள். தர்ஷினி அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மிஸ்ஸியின் மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுவரை போனது.

"வலிச்சுதா மிஸ்ஸி?"

மரத்துப்போன உதட்டோடு, "சேச்சே, கொஞ்சங்கூட வலிக்கல," என்றார்.

தர்ஷினி ஏறிப் படுத்து வாயைத் திறந்தாள்.

பல் விஷயத்தில் மிஸ்ஸி சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அதுதான். அதற்காகவே அவரை எங்களுக்கு அவ்வளவு பிடிக்கும்.