குளிர்வண்டியும் சின்னத் தாத்தாவின் வாரிசுகளும்

மனித நாகரிகம் இதுவரை கண்ட உன்னதங்களில் முதலிடம் யாருக்கு என்று கேட்டால், யோசிக்காமல் தெவினியோன் குடும்பத்துக்கு என்று சொல்லிவிடுவேன். யோசித்தால் வேறு மாதிரி சொல்லத் தோன்றும், அதனால் யோசிப்பதில்லை. தவிர, அப்படிச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பிரான்ஸில், மார்ன் ஆற்றுக்கு மேலே, சுண்ணாம்புச் சரிவில், ஒன்பது தலைமுறையாக ஷாம்பேன் செய்கிறார்கள். அரசர்கள் போனார்கள், புரட்சி வந்தது, போர்கள் திராட்சைக் கொடிகளின் மேலேயே நடந்தன. தெவினியோன்கள் மட்டும் அசையவில்லை. எந்தப் படை வந்தாலும் அதற்கு ஒரு பாட்டிலைத் திறந்து வைத்தார்கள் என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள். ‘விருந்தோம்பல்’ என்று நான் எழுதுவேன்.

நான் இந்த வீட்டு மாப்பிள்ளை. பிரான்ஸின் மேற்குக் கோடியில், பிரெத்தாஞ் கடற்கரையில் மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் குலத்தில் பிறந்து, ஒடீலைக் காதலித்து இங்கே வந்து சேர்ந்தவன். வீட்டின் தலைவர் ஒடீலின் அண்ணன் எமார். அவர் எனக்குப் ‘புகழ் பரப்பு இயக்குநர்’ என்று ஒரு பதவியும், பெரிய சாப்பாட்டு மேஜையில் கதவோரம் ஓர் இடமும் கொடுத்திருக்கிறார். யாராவது கதவைத் திறந்தால் என் முதுகில் இடிக்கும். "மாப்பிள்ளை, நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று தட்டிக்கொடுப்பார். உடனே, "குடும்ப விஷயம் பேசணும், கொஞ்சம் வெளிய இருங்க" என்பார்.

‘ஒரே குடும்பம்’ என்பது இந்த வீட்டின் தாரக மந்திரம். அறுவடைக்கு வரும் ஆட்களிடமும் அதையே சொல்வார். ஷாம்பேன் திராட்சையை இயந்திரத்தால் பறிக்கக் கூடாது, கையால்தான் கொய்ய வேண்டும் என்பது சட்டம். சட்டம் கையைப் பற்றித்தான் பேசுகிறது. அந்தக் கைக்குப் பின்னால் ஓர் ஆள் ஒட்டிக்கொண்டிருப்பதை எமார் ஒரு சிறு இடைஞ்சலாகவே கருதி வந்தார். ஆட்களைத் தரகர் ஒருவர் வேனில் ஏற்றிக்கொண்டு வருவார். இந்த வருஷம் மாலி நாட்டுக்காரர்கள். படுக்கை பழைய குதிரை லாயத்தில். குதிரைகளே குறை சொல்லாத இடம் என்று எமார் சொன்னார்.

இந்த செப்டம்பரில் வெயில் மண்டையைப் பிளந்தது. எமாருக்குத் தூக்கம் போய்விட்டது. பறித்த பழம் சூடேறிவிட்டால் வீட்டின் மானம் என்னாவது? உடனே ஒரு குளிர்வண்டி வந்தது. பெட்டிகளுக்கு வெள்ளைத் துணிப் போர்வை வந்தது. குலைகளை எறியக் கூடாது, அமுக்கக் கூடாது, பக்கத்தில் நின்று சத்தமாகப் பேசக் கூடாது. "பழத்துக்கு மன உளைச்சல் வந்தா நுரை சின்னச் சின்னதா வராது" என்று பாரிஸிலிருந்து வந்த ஓர் ஆலோசகர் அருள்வாக்குச் சொன்னார். நான் பயபக்தியோடு குறித்துக்கொண்டேன்.

தண்ணீர்க் குழாய் சரிவின் அடிவாரத்தில் இருந்தது. மேலே கொண்டுபோக ஒரே ஒரு வண்டிதான், அது குளிர்வண்டி. தண்ணீர்க் கேன்களை ஏற்றினால் சில பெட்டிப் பழத்துக்கு இடம் போய்விடும். ஆகவே ஆழ்ந்த பரிசீலனைக்குப் பிறகு, கேன்கள் அடிவாரத்திலேயே இருந்துகொள்வது என்று ‘நிர்வாக முடிவு’ எடுக்கப்பட்டது.

மத்தியான வெயிலில் செக்குபா என்ற இளைஞன் கொடி வரிசையின் நடுவே சரிந்து விழுந்தான். பக்கத்து வரிசையிலிருந்து அவன் அக்கா ஜெனபா ஓடிவந்தாள்.

"அய்யா! காலையிலேர்ந்து தண்ணி தண்ணின்னு கேட்டுட்டே இருந்தான். இப்ப பேச்சு மூச்சில்லாம கிடக்கான். அந்த வண்டிக்குள்ள கொஞ்சம் படுக்க வைங்க!"

எமார் வண்டிக் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "இதுலயா? உள்ள பழம் இருக்கேம்மா."

"பழத்தைக் கீழ இறக்குங்க!"

"வெயில்லயா?" எமார் உண்மையாகவே அதிர்ந்துபோனார். "வாடிப்போயிடாது?"

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது ஒடீல்தான். அண்ணனைக் கேட்காமல் கூப்பிட்டாள். அவள் சுபாவத்தில் உள்ள ஒரே குறை அது.

உயிர் தப்பியது, சிறுநீரகம் இரண்டும் அடிபட்டுவிட்டன, மாதக்கணக்கில் சிகிச்சை வேண்டும் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். வேலையிடத்து விபத்து என்றால் அத்தனையும் சட்டப்படி கிடைக்கும். செக்குபா கூலிக்கு வந்தவனே இல்லை என்று ஆகிவிட்டால் ஒன்றும் கிடைக்காது. அன்று சாயங்காலமே தரகர் லாயத்துக்குப் போய், வாயைத் திறந்தவர்களுக்குக் கூலி கிடையாது என்று அன்போடு நினைவூட்டிவிட்டு வந்தார்.

மருத்துவமனையிலிருந்து தகவல் போய், மறுநாள் தொழிலாளர் ஆய்வாளர் மதாம் லெஸ்கூர் வந்தார். மெலிந்த அம்மாள், தூசி படிந்த காலணி.

"இத்தனை பேர் பறிக்கறாங்க. ஒருத்தர் பேர்கூடப் பதிவாகலையே?"

"அவசியமில்ல மேடம்," என்றார் எமார். "இவங்க கூலிக்கு வந்தவங்க இல்ல. சொந்தக்காரங்க. அறுவடைன்னா சொந்தபந்தம் கை கொடுக்கறது வழக்கம்தானே? அதைச் சட்டமே ஒத்துக்குது."

மதாம் லெஸ்கூர் சரிவு முழுக்கக் குனிந்து நின்ற சொந்தபந்தத்தை நிதானமாகப் பார்த்தார். "எந்த வழியில சொந்தம்?"

"மாப்பிள்ளை வழியில."

எமார் என் தோளில் கை போட்டார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"உங்களுக்கு எந்த ஊர்?" என்று ஆய்வாளர் என்னைக் கேட்டார்.

"பிரெத்தாஞ், மேடம்."

"ஓ. மாலிக்குப் பக்கமா?"

எமார் அசரவில்லை. பெரிய குடும்பங்களுக்கு இதுதான் வசதி; அவசரத்துக்கு ஒரு முன்னோர் எப்போதும் கைவசம் இருப்பார். "விவரமா சொல்றேன் மேடம். எங்க சின்னத் தாத்தா அன்செல்ம் ராணுவ அதிகாரியா மாலியில இருந்தார். அங்கயே ஒரு குடும்பம்... புரியுதில்ல? இவங்கல்லாம் அந்தக் கிளை."

"எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?"

"தாராளமா!"

போட்டுக் கொடுத்தார். ஆய்வாளர் ஜெனபா பக்கம் திரும்பினார். "நிஜமாம்மா? இவர் உங்களுக்குச் சொந்தமா?"

ஜெனபா தரகரைப் பார்த்தாள். பிறகு எமாரைப் பார்த்தாள். "ஆமா மேடம். கூடப் பிறக்காத அண்ணன். அதனாலதான் எங்களைக் குதிரை லாயத்துல வெச்சுப் பாத்துக்கறாரு."

வெற்றிக் களிப்பில் எமார், அறுவடை முடிந்ததும் நடக்கும் கோஷ்லே விருந்துக்கு ஆய்வாளரையும் அழைத்துவிட்டார். ஒரே குடும்பம் எப்படிச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறது என்று அரசாங்கம் நேரில் பார்க்கட்டும் என்றார்.

அன்று மாலை ஒடீல் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்துக்கொண்டு லாயத்துக்குப் போனாள். திரும்பி வர வெகு நேரமாயிற்று. வரும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். அப்பா இறந்தபோது, தன் பங்குக் கொடிகளை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வெள்ளிக் கரண்டிப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டவள் அவள். அதன் பிறகு அவள் பாடி நான் கேட்டதில்லை.

"என்ன பேசினே அவங்ககூட?"

"குடும்ப விஷயம். நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

கோஷ்லே அன்று கடைசிப் பழச்சுமையோடு வந்த பூங்கொத்தை வழக்கப்படி எமாரின் கையில் கொடுத்தார்கள். ஆய்வாளர், தரகர், பறித்த ஆட்கள் எல்லோரும் பெரிய மேஜையில் உட்கார்ந்தார்கள். ஜெனபா நேராகப் போய் எமாருக்கு வலதுபக்கம் உட்கார்ந்தாள். முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் பன்றிக்கறியும் வேகவைத்த பெரிய பானை வந்தது.

"என்னண்ணே, பன்றிக்கறியா?" என்றாள் ஜெனபா. "நம்ம கிளையில ஒருத்தரும் தொடமாட்டோமே. உங்களுக்குத் தெரியாதா?"

ஆய்வாளரின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது.

"தெரியும், தெரியும்," என்றார் எமார். "வேலை மும்முரத்துல மறந்துட்டேன்."

ஷாம்பேன் ஊற்ற வந்தார்கள். மாலிக்காரர்கள் வரிசையாகக் கோப்பையைக் கையால் மூடிக்கொண்டார்கள்.

"ஷாம்பேன் குடும்பத்துல பொறந்துட்டு ஷாம்பேன் குடிக்க மாட்டாங்களா?" என்று மதாம் லெஸ்கூர் வியந்தார்.

"வயித்துக்கு ஒத்துக்காது மேடம்," என்றார் எமார், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "பரம்பரை வியாதி."

"அண்ணே, சுவத்துல எல்லார் படமும் இருக்கு. எங்க அன்செல்ம் தாத்தா படம் மட்டும் காணோமே?"

"பழுது பார்க்கக் கொடுத்திருக்கும்மா."

"வந்ததும் சொல்லியனுப்புங்க, பிள்ளைங்களுக்குக் காட்டணும். அப்புறம்... தெற்குச் சரிவை எங்களுக்கு எப்ப பிரிச்சுத் தர்றீங்க?"

தெற்குச் சரிவுதான் இந்த வீட்டின் உயிர்நாடி. விலை சொன்னால் கேட்பவர் உட்கார்ந்துவிடும் ஷாம்பேன் அங்கிருந்துதான் வருகிறது. அது அன்செல்மின் சொத்து. அவருக்குப் பிள்ளைகுட்டி இல்லாததால்தான் எமாரின் தாத்தாவுக்கு வந்தது. ‘தந்தையிடமிருந்து மகனுக்கு’ என்று நான் ஊரெல்லாம் அச்சடித்து அச்சடித்து, எமாரே அதை மறந்துபோயிருந்தார். ஒடீல் மறக்கவில்லை.

"அன்செல்முக்கு வாரிசு இருக்குன்னு ஐயாவே எழுதிக் கொடுத்திருக்காரே," என்றார் ஆய்வாளர், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே.

"சண்டை சச்சரவெல்லாம் எதுக்குண்ணே?" என்றாள் ஜெனபா கனிவாக. "நடுவுல ஒரு வேலி போட்டுட்டாப் போதும். பாதை மட்டும் ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கட்டும்."

"நியாயமாத்தானே கேக்கறா, அண்ணா," என்றாள் ஒடீல். "அப்படியே என் பங்கையும் பேசி முடிச்சுடலாம்."

இந்தப் பக்கத்துக் கொடிக்காரர்களை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அபராதம் என்றால் கட்டுவார்கள். சிறை என்றால் போய்விட்டு வருவார்கள். கொடியில் ஒரு வரிசையைப் பங்கு கேட்டால் மட்டும் புத்தி கலங்கிவிடும். ஒரு வரிசைக்காக அண்ணன் சாவுக்குத் தம்பி போகாத வீடுகள் இந்தத் தெருவிலேயே உண்டு. எமார் எழுந்தார். பூங்கொத்து பானைக்குள் விழுந்தது.

"வாரிசாவது மண்ணாங்கட்டியாவது! அன்செல்ம் கிழவன் மாலிப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்ல! கல்யாணமே பண்ணிக்காம தபாலாபீஸ்ல முத்திரை குத்திக் குத்தியே செத்தான்! இவங்க எனக்குச் சொந்தமா? கூலிக்கு வந்தவங்க! தரகர்கிட்டச் சொல்லி நான்தான் வரவழைச்சேன்! ஒரு கொடி கிடையாது, ஒரு இலை கிடையாது!"

தரகர் தொப்பியை எடுத்துக்கொண்டு என் முதுகில் கதவை இடித்துவிட்டு வெளியேறினார்.

"ரொம்ப நன்றி," என்றார் மதாம் லெஸ்கூர். "எல்லாருமே கூலியாட்கள். செக்குபாவும்தானே?"

"எல்லாரும்தான்!"

"அப்போ அன்னிக்கு அவனுக்குத் தண்ணி கொடுக்க வேண்டியது யாரு?"

எமார் சுவரில் இருந்த முன்னோர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். யாரும் உதவிக்கு வரவில்லை. "நான்தான்," என்றார்.

ஜெனபா அதுவரை சிரித்த முகமாக இருந்தவள், அதைக் கேட்டதும் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து அதில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒடீல் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

செக்குபாவின் சிகிச்சைக்கு வழி பிறந்துவிட்டது. ஆனால் சிறுநீரகம் பழையபடி ஆகாதாம். நடந்ததை வீட்டின் பெருமை குன்றாமல் சுருக்கமாக எழுதும்படி எமார் எனக்கு உத்தரவிட்டிருக்கிறார். எழுதிவிட்டேன். எங்கள் நிலவறையில் லட்சக்கணக்கான பாட்டில்கள் குளிரக் குளிரப் படுத்திருக்கின்றன. அதற்கு மேலே, சரிவில், ஒருவன் தண்ணீர் கேட்டுக் கேட்டு விழுந்தான். அவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க வேண்டியவர் யார் என்று கண்டுபிடிக்க, ஒன்பது தலைமுறை கண்ட இந்தக் குடும்பத்துக்கு ஓர் அரசு அதிகாரியும், செத்துப்போன ஒரு சின்னத் தாத்தாவும், ஒரு பெரிய விருந்தும் தேவைப்பட்டன.