சத்தம் போடாத கடைசி எழுத்து

மகளுடைய ஆங்கில ஸ்பெல்லிங் நோட்டைப் புரட்டிய மேலதிகாரிக்கு அன்று காலைக் காபி தொண்டையில் இறங்கவில்லை. ‘ஃபைல்’ என்ற சொல்லின் கடைசியில் ஒரு ‘ஈ’ உட்கார்ந்திருந்தது. சத்தமும் இல்லை, வேலையும் இல்லை. ‘பில்’லின் வாலிலோ, ஒரு ‘எல்’ பார்க்கிற வேலைக்கு இரண்டு ‘எல்’.

பத்து மணிக்கே சுற்றறிக்கை வந்துவிட்டது: ‘சொல்லின் ஈற்றில் நின்று ஓசை எழுப்பாத எழுத்துகள் யாவும் இன்று பிற்பகல் முதல் பணியிலிருந்து விடுவிக்கப்படுகின்றன.’

விதி என்றால் எல்லாருக்கும் பொதுதானே? மறுவாரமே அது ஊழியர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. கடைசி மேஜை மௌனிக்கு மெமோ வந்தது. இருபத்தாறு வருஷமாக எல்லாருடைய கடிதங்களையும் வாய் பேசாமல் திருத்திக் கொடுத்த மனுஷன். ‘தாங்கள் எழுப்பும் ஓசை யாது? மூன்று நாளில் விளக்கவும்.’

“வீட்டுலதான் வாயைத் திறக்கறதில்ல,” என்றாள் மனைவி. “அங்கயாவது நாலு வார்த்தை பேசித் தொலைங்களேன். ரிட்டயராக இன்னும் எட்டு மாசம் இருக்கு!”

மூன்றாம் நாள் மௌனி பேசினார். மற்ற நாற்பத்தொரு தலைகளும் ஃபைலுக்குள் கவிழ்ந்துகொண்டன.

“ஐயா, அந்த எழுத்து சும்மா இல்லீங்க. முன்னாடி இருக்கறதைச் சரியா ஒலிக்க வைக்கறதே அதுதான். அதை எடுத்துட்டா ‘ஃபைல்’ வெறும் ‘ஃபில்’லுங்க.”

“அதோட சத்தம் எனக்குக் கேக்குதா?”

“கேக்காதுங்க.”

“கேக்கலேன்னா இல்லேன்னு அர்த்தம். கிளம்புங்க.”

அடுத்த திங்கட்கிழமை பெரிய கூட்டம். மேலதிகாரி கம்பீரமாக எழுந்து, “ஆகவே...” என்றார். அதற்கு மேல் காகிதத்தில் ஒன்றுமில்லை. இத்தனை வருஷமாக ‘ஆகவே’க்குப் பிறகு வருவதையெல்லாம் எழுதியது யார் என்று அலுவலகத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

அதற்காக உத்தரவைத் திரும்பப் பெற முடியுமா? கௌரவம் என்னாவது? ‘ஈற்று மௌன அலுவலர்’ என்று புதிய பதவி ஒன்றை உருவாக்கினார்கள். தகுதி: அலுவலகத்தில் வாய் திறந்திருக்கக் கூடாது.

முதல் விண்ணப்பம் மௌனியுடையது. தள்ளுபடி. அவர் பேசியதற்கு மேலதிகாரியே சாட்சி.

மற்ற நாற்பத்தொரு பேரும் விண்ணப்பித்தார்கள். நாற்பத்தொரு பேரும் தேர்வானார்கள். எல்லாரும் இணைத்திருந்த ஆதாரம் ஒன்றே:

‘மௌனியை அனுப்பிய அன்று நான் வாயே திறக்கவில்லை.’